திண்டுக்கல் மலைக்கோட்டைக்கும் சென்னை ராஜாஜி ஹாலுக்கும் என்ன சம்பந்தம்?

வடமதுரையில் சௌந்தரராஜப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினால், தாமரைப்பாடி தாண்டி திண்டுக்கல்லை நெருங்கும்போதே திண்டு மாதிரி படுத்திருக்கும் அந்தப் பாறை கண்ணில் படும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதுதான். ஆனால், அதன் மேலுள்ள கோட்டைக்கும் சென்னை ராஜாஜி ஹாலுக்கும் தொடர்பு உண்டு என்பது சமீபத்தில்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர், லண்டன் நாடகங்களின் வில்லன்!

1605-ல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் கட்டிய கோட்டை இது. 1755-ல் மைசூர் தளபதியாக ஹைதர் அலி இங்கே வந்தார். அவருக்குப் பின் மகன் திப்பு சுல்தானின் வசம் இருந்தது. 1790-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1792 ஒப்பந்தத்தில் திண்டுக்கல் சீமையே அவர்களிடம் போய்விட்டது.

அதே காலத்தில் லண்டனில், குதிரை வித்தைக்குப் பேர்போன ஆஸ்ட்லி அரங்கத்தில் மைசூர் போர்கள் நாடகமாயின. வெடிச்சத்தம், குதிரைகள், நடுவில் கொடுங்கோலன் திப்பு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் உண்மையாகவே இறந்த பிறகும், மேடையில் திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டிருந்தார்.

அந்த வெற்றியைக் கொண்டாட, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு விருந்து மண்டபம் கட்டச் சொன்னார். வடிவமைத்தவர் ஜான் கோல்டிங்ஹாம். சென்னை வானாய்வுக்கூடத்தில் நட்சத்திரம் பார்த்த வானியலாளர்! உயரமான படிகள், வரிசையாகத் தூண்கள் என்று பழைய கிரேக்கக் கோயிலின் சாயலில், நியோ கிளாசிக்கல் பாணியில் 1802-ல் எழுந்த அந்த மண்டபம்தான் இன்றைய ராஜாஜி ஹால். எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோருக்குத் தமிழகம் கண்ணீரோடு விடைகொடுத்த அதே படிகள்.

லண்டன்காரர்களுக்கு மைசூர் என்றால் வில்லன். எங்கள் பக்கம் கதை வேறு. கணவரை இழந்து சிவகங்கையிலிருந்து வந்த வேலுநாச்சியாருக்கு விருப்பாச்சியில் கோபால் நாயக்கர் அடைக்கலம் தந்தார். ஹைதர் அலி படை உதவி செய்தார். 1780-ல் சிவகங்கை மீண்டது.

அடுத்தமுறை திண்டுக்கல் போனால் பிரியாணி, பூட்டோடு திரும்பிவிடாதீர்கள். வெயில் ஏறும் முன் தண்ணீர் பாட்டிலோடு கோட்டைக்கு ஏறுங்கள். ஜெயித்தவர்கள் சென்னையில் மண்டபமே கட்டிக்கொண்டார்கள். தோற்றவர்கள் பக்கத்துக் கதையைக் கேட்க இந்தப் பாறைக்குத்தான் வர வேண்டும்.