அப்பா ஓடிய ஹைலக்ஸ்

பெண்கள் சஞ்சிகையில் பிக்கப் வாகனத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். வன்னியில் வாழ்ந்த சகோதரிகள் கேட்கமாட்டார்கள். நிவாரண மா மூட்டை வந்ததும் அதில்தான், காயக்காரரை ஏற்றிப் போனதும் அதில்தான். இடம்பெயரும் நாளில் அதன் பின் பெட்டியில் ஒரு மூலை கிடைத்தால் பெரிய காரியம்.

என்னுடைய கணவர் ஒரு தொண்டு நிறுவனத்தில் சாரதியாக இருந்தார். அவர் ஓடியது ரொயோட்டா ஹைலக்ஸ், வெள்ளை நிற டபுள் கப். கராஜ்காரர் அந்த வகையை எல்.என். 106 என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு "அப்பான்ர வண்டி" என்றுதான் பெயர். கடந்த ஆண்டு நானும் மகனும் ஒரு வாகனம் வாங்க வெளிக்கிட்டபோது, எந்தக் காலத்து ஹைலக்ஸை வாங்குவது என்று எங்களுக்குள் பெரிய வழக்கே நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

ஹைலக்ஸ் 1968 இல் யப்பானில் பிறந்தது. ரொயோட்டாவின் பெயரில் வந்தாலும் அதைச் செய்தது ஹினோ நிறுவனம். "ஹை", "லக்ஸறி" என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து வைத்த பெயராம். ஒரு தொன் சுமக்கிற வண்டிக்கு லக்ஸறி என்று பெயர் வைத்தவர் ஒருநாளும் அதன் பின் பெட்டியில் இருந்து போயிருக்கமாட்டார்! மூன்றாம் தலைமுறை ஓடிய காலத்தில், 1979 இல், நாலு சில்லும் இழுக்கிற வகை வந்தது. அதற்குப் பிறகுதான் சேறும் மணலும் உள்ள நாடுகளெல்லாம் இதைத் தேடத் தொடங்கின. சண்டை நடந்த நாடுகளும் தேடின. 1987 இல் ஆபிரிக்காவில் சாட் நாட்டுக்கும் லிபியாவுக்கும் நடந்த சண்டைக்கு "ரொயோட்டா யுத்தம்" என்றே பெயர் வந்துவிட்டது. அங்கேயும் எத்தனை பெண்கள் பிள்ளைகளோடு இதன் பின்பெட்டியில் ஏறியிருப்பார்களோ.

1988 இல் வந்த ஐந்தாம் தலைமுறைதான் எங்கள் வீட்டு வண்டி. 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். ரேபோ கிடையாது, கணினி கிடையாது. முன்னுக்கும் பின்னுக்கும் மாட்டு வண்டி அச்சுப் போல ஒரே நீட்டு அச்சு, அதன் மேல் வில்லுத்தகடு. பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் டீசல் அளந்துதான் கிடைக்கும். மண்ணெண்ணெய் மட்டும் விட்டால் பம்ப் தேய்ந்துபோகும் என்று அதற்குள் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து ஓடுவார் இவர். புகை மணம் பலகாரம் சுடுகிற வீட்டு மணம் மாதிரி இருக்கும். ஆனாலும் அந்த எஞ்சின் ஓடியது.

1997 மாரியில் நாங்கள் அக்கராயன் பக்கம் இடம்பெயர்ந்து இருந்தோம். எனக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கி ஒரு பகலும் ஒரு இரவும் போய்விட்டது. மருத்துவிச்சி அம்மா, "தம்பி, இனி வைச்சிருக்கேலாது, மல்லாவிக்குக் கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டார். அம்பலப்பெருமாள்குளத்துப் பக்கத்து வீதி அந்த மழைக்கு வாய்க்காலாகக் கிடந்தது. வண்டி எங்கும் நிற்கவில்லை, அது உண்மை. ஆனால் ஒவ்வொரு கிடங்குக்கும் அந்த வில்லுத்தகடு என்னைத் தூக்கிக் கூரையில் அடித்தது. "மெதுவாப் போங்கோ" என்று கத்துவேன். "மெதுவாப் போனால் புதையுமப்பா" என்பார். விடிகிற நேரம் மல்லாவி ஆஸ்பத்திரியில் மகன் பிறந்தான்.

கணவர் 2009 மாசியில் எங்களை விட்டுப் போனார். அதை இங்கே விரிக்கவில்லை, வாசிக்கிற உங்களுக்குத் தெரியாதது அதில் ஒன்றுமில்லை. வண்டி பரந்தன் - முல்லைத்தீவு வீதிக் கரையில் கதவு திறந்தபடி நின்றதைக் கடைசியாகப் பார்த்தேன். மகனுக்கு அப்போது பதினொரு வயது.

மீளக்குடியமர்ந்த பிறகு கச்சானும் மிளகாயும் தக்காளியும் செய்கிறோம். ஏற்றுக்கூலி விளைச்சலில் பெரும் பங்கைத் தின்றது. சீட்டுக்காசு, என் இரண்டு காப்பு, கொஞ்சம் வங்கிக் கடன் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு பார்க்கப் போனோம். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வாகனமெல்லாம் தங்க விலை. 2025 இல் திரும்பத் திறந்துவிட்டார்கள் என்றாலும் புதியது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரம். 2015 இல் வந்த எட்டாம் தலைமுறையான "ரெவோ"வை வீதியில் போகும்போது பார்ப்பதோடு சரி.

எனக்கு ஏழாம் தலைமுறை, அதாவது "விகோ"தான் விருப்பம். 2004 இல் தாய்லாந்தில் செய்யத் தொடங்கியது. முன்னுக்குச் சுருள் வில், அகலமான இருக்கை, ரேபோ எஞ்சின். ஏறி இருந்து பார்த்தேன், ஒரு கிடங்கும் தெரியவில்லை. என் இடுப்பு அந்த மல்லாவிப் பயணத்தை இன்னும் மறக்கவில்லை. மகன்தான் விடவில்லை.

"அம்மா, எனக்கு அப்பா ஓடின வண்டிதான் வேணும்."

"அப்பா ஓடின வண்டி இல்லை அது. அதே சாதி, அவ்வளவுதான். அதுக்குள்ள இருந்து நோப்பட்டது நான்."

அவன் பேசாமல் எழும்பிப் போய்விட்டான். இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. தகப்பனின் சத்தம் அவனுக்கு ஞாபகம் இல்லையாம், அந்த எஞ்சின் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறதாம் என்று பிறகு என் மைத்துனர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மைத்துனர் கிளிநொச்சியில் கராஜ் வைத்திருப்பவர். அவர் இரண்டு பக்கமும் சாயாமல் கணக்குச் சொன்னார். விகோ எஞ்சினில் டீசலை மிகக் கூடிய அழுத்தத்தில் கணினி பார்த்து விசிறுகிறது. நல்ல டீசல் விட்டால் இழுவையும் கூட, எண்ணெய்ச் செலவும் குறைவு. டீசலில் தண்ணீர் கலந்தால் இன்ஜெக்டர் போகும். அதைத் தன் கராஜில் பார்க்க முடியாது, உள்ள நாலையும் மாற்றுவதென்றால் ஒரு போகத்துக் கச்சான் காசு அதோடு சரி. பழையதோ மெதுவாகத்தான் போகும், மேட்டில் முனகும், ஆனால் சாவியும் சுத்தியலும் இருந்தால் மரத்தடியில் வைத்தே திருத்தலாம். "ஒன்று மட்டும் பாருங்கோ அண்ணி, எஞ்சினை மாத்தலாம், சட்டகம் கறள் பிடிச்சிருந்தால் காசு தண்ணிக்குள்ள" என்றார்.

முதல் பார்த்த எல்.என். 106 அப்படித்தான். மேலே புதுப் பெயின்ற், கீழே படுத்துப் பார்த்தால் சட்டகத்தில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. மகனின் முகம் சுருங்கிப்போனது. நான்காவதாகப் பார்த்தது 1994 ஆம் ஆண்டு வண்டி. இருக்கை கிழிசல், குளிரூட்டி இல்லை, சட்டகம் மட்டும் சுத்தம். மைத்துனர் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

நானும் சம்மதித்தேன். பாசத்துக்காக என்று மகன் நினைக்கிறான். எனக்குப் பெரிய காரணம் அந்த இன்ஜெக்டர் கணக்குத்தான். ஆனால் இரண்டு நிபந்தனை போட்டேன். இருக்கைக்கு நல்ல பஞ்சு வைத்துத் தைக்கவேண்டும், எனக்கும் ஓடப் பழக்கவேண்டும். ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று விற்றவருக்குத் தெரியாததால் வந்த கிழமையே அதையும் மாற்றினோம். அது அறுந்தால் எஞ்சினுக்குள் சேதம் வரும் என்று இவர் அடிக்கடி சொல்வது எனக்கு நினைவிருந்தது.

போன கிழமை விசுவமடுவிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு போகையில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. மகன் சித்தப்பாவுக்குப் போன் எடுத்துக்கொண்டு நின்றான். நான் இறங்கிப் போனற்றைத் திறக்கச் சொன்னேன். டீசல் பில்ரருக்கு மேலே கையால் அமத்துகிற ஒரு பொத்தான் இருக்கும். எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்தால் இவர் அதைத்தான் அமத்துவார், எத்தனை தரம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குழாய்ப் பிடியைப் பார்த்தேன், தளர்ந்திருந்தது. மகனைக் கொண்டு இறுக்குவித்துவிட்டுப் பொத்தானை அமத்தத் தொடங்கினேன். முதலில் வெறுமனே போய்வந்தது, பிறகு மெல்ல மெல்ல இறுகியது. பெருவிரல் நோகும்வரை அமத்திவிட்டு, "இப்ப அடி" என்றேன்.

மூன்றாம் தரம் பிடித்தது. எட்டு மணிக்குள் தக்காளியைச் சந்தையில் இறக்கிவிட்டோம்.