மரண அறிவித்தல் பக்கம்

இதழியல் படிக்கிறேன் என்று சொன்னால் பாகான் செராயில் இரண்டு கேள்விகள் வரும். "டிவியில செய்தி வாசிக்கப் போறியாம்மா?" என்பது முதல் கேள்வி. இல்லை, தமிழ்ப் பத்திரிகையில் எழுத ஆசை என்று சொல்லிவிட்டால், "அதுல என்னா சம்பளம் குடுப்பாங்க?" என்பது அடுத்தது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோன பிறகு அந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் வரவில்லை. அந்த நிலையில்தான் 2023ஆம் ஆண்டு விடுமுறையில் 10 நாள் இதழியல் பயணமாக 12 மாணவர்கள் விரிவுரையாளரோடு இலங்கைக்குப் புறப்பட்டோம்.

கொழும்பைப் பற்றி நண்பர்கள் எழுதட்டும். எனக்கு யாழ்ப்பாணம் போதும். இரவுப் பேருந்தில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். விடிந்ததும் பசியாறப் போன இடத்தின் பெயரைப் பார்த்து எல்லோரும் சிரித்துவிட்டோம். 'மலாயன் கபே'! நம்மூரை விட்டு அவ்வளவு தூரம் போயும் நம்மூர்ப் பெயரில்தான் இட்லி.

'உதயன்' நாளிதழ் 1985இல் தொடங்கியது. 2006ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் மாலை ஆயுதம் தாங்கியவர்கள் அதன் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். அவ்வாண்டு யுனெஸ்கோ அந்த நாளைக் கொண்டாடத் தேர்ந்தெடுத்த நகரம் எது தெரியுமா நண்பர்களே? கொழும்பு! அதே ஆண்டு ஆகஸ்டில் ஏ9 சாலை மூடப்பட்டபோது அச்சுத்தாள் கிடைக்காமல் பக்கங்கள் சுருங்கின, பத்திரிகை நிற்கவில்லை. 2013 ஏப்ரல் 13 அதிகாலையில் அச்சு இயந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். 2021இல் மறைந்த அதன் ஆசிரியர் ம. வ. கானமயில்நாதன், வெளியே போனால் உயிருக்கு ஆபத்து என்பதால் ஆண்டுக்கணக்கில் அலுவலகத்திலேயே தங்கியிருந்தவர். வகுப்பில் நான் படித்த 'ஊடகச் சுதந்திரம்' தேர்வுக்குரிய ஒரு தலைப்பு. அங்கே அது ஒரு மனிதர் வீட்டுக்குப் போக முடியாமல் இருந்த கதை.

குண்டு துளைத்த சுவரைப் பற்றித்தான் எல்லோரும் கட்டுரை எழுதத் தயாரானோம். விரிவுரையாளர் விடவில்லை. "அதை உலகமே எழுதிவிட்டது. நாளைக் காலைப் பத்திரிகையை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். உயிரைக் கொடுத்து எதை அச்சடித்தார்கள் என்று பாருங்கள்" என்றார்.

படித்தேன். அரசியல், வழக்கு, விளையாட்டு, கோயில் திருவிழா... அப்புறம் மரண அறிவித்தல்கள். நம் நாளிதழ்களிலும் கண்ணீர் அஞ்சலி வரும். ஆனால் இது வேறு மாதிரி. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கும். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, பிறகு மக்கள், மருமக்கள், மைத்துனர், பெறாமக்கள் (என்ன அழகான சொல்!), பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் போகும். சிலர் கனடாவில், சிலர் பிரான்சில். ஓர் அறிவித்தலில் மலேசியாவும் இருந்தது.

நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் அதைக் காட்டினேன். எண்பது வயதைத் தாண்டியவர். "எங்கட ஐயாவும் மலாயாவில ரெயில்வேயில இருந்தவர், பிள்ளை" என்றார். நம் தோட்டங்களில் 'யாழ்ப்பாணத்துக் கிராணி' எப்படியோ, அப்படியே அங்கே 'மலாயன் பென்சனியர்' என்று ஒரு வகையினர் இருந்திருக்கிறார்கள். இங்கே வேலை பார்த்து, அங்கே வீடு கட்டியவர்கள்.

"காலமை முதல்ல இந்தப் பக்கத்தைத்தான் பாப்பம். செத்த வீட்டுக்குப் போகாமல் விட்டால் காலத்துக்கும் கோபம்" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "சண்டை நேரம் ரெலிபோன் இல்லை. ஆர் இருக்கினம், ஆர் இல்லையெண்டு இதைப் பாத்துத்தான் அறிஞ்சனாங்கள்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அப்பாயி 2021இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்த நேரத்தில் இறந்தார். பாகான் செராய்க்கு வெளியே ஒரு தோட்டத்தில் 13 வயதிலிருந்து பால் வெட்டியவர். இறுதிச் சடங்குக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படம், கூப்பிய கை அடையாளங்கள் சில. அத்துடன் முடிந்தது. குறிப்பேட்டை எடுத்து, அவருக்கு யாழ்ப்பாண முறையில் ஓர் அறிவித்தல் எழுதிப் பார்த்தேன். முதல் சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது. பிறப்பிடம் என்று எதைப் போடுவது?

கிரியான் வட்டாரம் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள் முதலில் வெட்டியது கரும்பு. அப்புறம் ரப்பர், அதற்கும் அப்புறம் செம்பனை. அப்பாயி பிறந்த லயம் இப்போது இல்லை. தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் அவர் வாயில் ஒருநாளும் நுழைந்ததில்லை; தமிழர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் தாத்தாவிடம் கேட்டு ஒவ்வோர் இடமாக நிரப்பினேன். உறவுமுறைதான் பெரும்பாடு. "அந்தக் கடைசி வீட்டு அக்காவையும் போடும்மா. உங்கப்பனுக்கு அதுதான் பால் குடுத்துச்சி" என்றார். அவர் எங்களுக்கு என்ன உறவு? தாத்தாவுக்கும் முறை தெரியவில்லை. பெயரை மட்டும் எழுதிக்கொண்டேன். நான்கு மாலைகள் ஆயின. என் பயணக் கட்டுரைக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை.

நினைவு நாளன்று ஒரு தமிழ் நாளிதழில், கட்டணம் கட்டி, தோட்டத்தின் தமிழ்ப் பெயரையே பிறப்பிடமாகப் போட்டு வெளியிட்டோம். 'தகவல்: குடும்பத்தினர்' என்ற வரிக்குக் கீழே என் கைப்பேசி எண். காலை ஏழு மணிக்கு முதல் அழைப்பு, சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு மூதாட்டி. யார், என்ன என்று கேட்கவில்லை. "நீ யாரோட மவ, பெரியவனோடதா, சின்னவனோடதா?" என்றுதான் தொடங்கினார். மதியத்துக்குள் ஆறு அழைப்புகள். குறிப்பேடு இன்னும் தாத்தாவின் கட்டிலில்தான் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்.