ஓசை குறைந்த மோட்டார்

எண்பதைத் தாண்டிய என் தாயார், இரவில் மோட்டார் சைக்கிள் ஓசை கேட்டால் இன்றும் திடுக்கிட்டு விழித்துவிடுவார். 2006, 2007ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. ஊரடங்கு வேளையில் ஒழுங்கைக்குள் நுழையும் மோட்டார் சைக்கிள் எவர் வீட்டுப் படலையில் நிற்கப் போகிறதோ என்று மூச்சடக்கிக் காத்திருந்த காலம் அது. மகன் பத்திரிகையில் பணியாற்றும்போது அந்த அச்சம் இரட்டிப்பாகும்.

கடைசிப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு நள்ளிரவு கடந்து வீடு திரும்புபவன் நான். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது தந்தையாரின் பழைய றலி சைக்கிளைத் துடைத்தெடுத்தேன். அம்மா நிம்மதியாக உறங்கினார். என் முழங்கால்தான் உறங்கவிடவில்லை. கடந்த ஆண்டு, அதே சைக்கிளுக்கு மோட்டார் பூட்டுவதென்று தீர்மானித்தேன். நிபந்தனை ஒன்றுதான்: அம்மாவை எழுப்பக்கூடாது.

எங்கள் சமதரைக்குப் பின்சில்லின் நடுவே பூட்டும் கியரில்லாத மோட்டாரே போதும். ஓசையும் மிகக் குறைவு. ஆனால் பற்றரி இறங்கிவிட்டால் அதன் காந்தங்களின் இழுவையையும் சேர்த்தே மிதிக்க வேண்டும். பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. மிதிகட்டை அச்சைச் சுழற்றும்படி நடுவில் மோட்டாரைப் பூட்டி, இடையில் பிறீவீல் ஒன்றையும் வைத்துவிட்டால், மின்சாரம் இல்லாத நாளிலும் அது வெறும் சைக்கிளாக ஓடும்.

பட்டறை நண்பர் முதலில் பூட்டியது விளையாட்டு விமானங்களுக்குரிய சிறிய மோட்டார். எடை குறைவு, விலையும் குறைவு. ஓடவிட்டதும் ஒழுங்கை நாய்கள் அனைத்தும் குரைத்தன. காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனிதக் கால் நிமிடத்திற்கு 60 முதல் 80 சுற்று மிதிக்கும். அந்த மோட்டாரோ 9,000 சுற்று சுழல்வது. அதன் முனையிலுள்ள 12 பல் சக்கரம் செக்கனுக்கு 150 முறை சுழல, பற்கள் 1,800 தடவை மோதுகின்றன. நம் செவி மிகக் கூர்மையாக உணரும் கீச்சொலிக்கு அது அண்மையானது. சைக்கிளின் உட்குழல்கள் வீணைக்குடம்போல அதைப் பெருக்கிக் கொடுத்தன.

ஆகவே, விட்டம் பெரிதான, 1,800 சுற்றுக்கு மேற்போகாத மோட்டாரைத் தேடினோம். வேகம் குறைவானால் குறைக்க வேண்டிய மடங்கும் குறைவு. முதற்கட்டக் குறைப்புக்குப் பல்லுள்ள றப்பர் பட்டி, அடுத்ததற்குச் செயின், மோட்டாரின் இருக்கைக்குக் கீழே றப்பர்த் துண்டு. அப்போதும் புறப்படும்போது ஓர் உறுமல் எஞ்சியது. குற்றவாளி மலிவான கொன்ரோலர். சதுர அலைக் கொன்ரோலர் மின்னோட்டத்தைப் படிப்படியாக வெட்டிவெட்டித் தருவதால் மோட்டார் உதறுகிறது. சைன் அலையில் சீராகத் தருவதை மாற்றியதும் உறுமல் ஓய்ந்தது. மோட்டாருக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கிவைப்பதே நல்லதென்று இத்தகைய முயற்சியில் இறங்கும் வாசகர்களுக்குச் சொல்வேன்.

பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த 1990களில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோ சுழற்றி, வானொலியில் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. அன்று சைக்கிள் மின்சாரம் தந்தது. இன்று மின்சாரம் சைக்கிளை ஓட்டுகிறது.

முதல் நாள் இரவு, ஒழுங்கை முகப்பிலேயே மோட்டாரை நிறுத்தி, சைக்கிளை உருளவிட்டு வந்து படலையைத் திறந்தேன். விறாந்தையில் அம்மா விழித்தபடி படுத்திருந்தார். எனக்குப் பெரும் ஏமாற்றம்.

“மோட்டார் சத்தம் எழுப்பிப்போட்டுதோ அம்மா?”

“மோட்டாரோ? அப்பிடி ஒண்டும் கேக்கேல்லை. பிறீவீல் சத்தம்தான் கேட்டது. நீ கம்பஸாலை வரேக்கையும் உப்பிடித்தான் கேக்கும்.”

சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.