அத்தாவின் வண்டியும் நாம் மறைத்த குறையும்

நமது அத்தா ஃபஜ்ர் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்வது தம்முடைய பழைய டி.வி.எஸ். 50 வண்டியில்தான். 1980ஆம் ஆண்டு ஓசூரிலிருந்து வெளிவந்த அவ்வகை வண்டியே, இருவர் அமர்ந்து செல்லத்தக்க இந்தியாவின் முதல் மொபெட். அதன் பின்னால் துணி மூட்டையைக் கட்டி, ஊர் ஊராய்ச் சென்று விற்றே அவர் நம்மை ஓதவைத்தார். வயது எழுபதைக் கடந்தும், மகனுடைய பைக்கின் பின்னிருக்கையில் அமர அவர் இணங்கியதில்லை.

சென்ற ஆண்டு அவ்வண்டியின் செயின் அடிக்கடி நழுவத் தொடங்கிற்று. "ஹஜ்ரத், செயினை மட்டும் மாத்துனா நிக்காது. ஸ்பிராக்கெட்டும் தேஞ்சிருக்கு" என்றார் மெக்கானிக். பின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தன. பொருந்தக்கூடியது நமதூர்க் கடைகளில் கிடைக்கவில்லை; செய்துதான் வாங்க வேண்டும். செலவுக்கும் அலைச்சலுக்கும் அஞ்சி, "இப்போதைக்குச் செயினை மட்டும் போடுங்கள்" என்றோம். அத்தாவிடமோ, "எல்லாம் சரியாகிவிட்டது" என்று சொல்லிவிட்டோம்.

மூன்றாம் வாரம், இருள் பிரியாத வேளையில் செயின் கழன்று சக்கரத்தில் சிக்கியது. அத்தா விழுந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறியவில்லை. முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு. ஆனால் அதன்பின் அவர் வண்டியைத் தொடவில்லை. ஃபஜ்ரை வீட்டிலேயே தொழலானார். "வயசாயிருச்சு, கை நடுங்குது போல" என்று தம்மையே நொந்துகொண்டார். நமது பிழையை அவர் தம் முதுமையின் மீது சுமத்திக்கொண்டிருந்தார். நாம் வாய் திறக்கவில்லை.

அந்த வாரமே லேத் பட்டறையைத் தேடிச் சென்றோம். செயினும் ஸ்பிராக்கெட்டும் சேர்ந்தே தேய்பவை என்பதைப் பட்டறைக்காரர் விளக்கினார். அரை அங்குலச் செயினில் 24 கண்ணிகளின் நீளம் 304.8 மில்லிமீட்டர். அது 6 மில்லிமீட்டர் கூடினாலே ஏறத்தாழ 2 சதவீதம் நீண்டுவிட்டதாகப் பொருள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் படிந்து அமராது, மேலேறி நழுவும்.

பழைய ஸ்பிராக்கெட்டில் பற்களின் எண்ணிக்கை, கனம், நடுத்துளையின் விட்டம், போல்ட் துளைகளின் இடைவெளி ஆகியவற்றை அவர் குறித்துக்கொண்டார். இரும்புத் தகட்டை லேத்தில் வட்டமாகக் கடைந்து, மில்லிங் இயந்திரத்தில் பல் வெட்டினார். அங்கே டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியை 40 முறை சுற்றினால்தான் தகடு ஒருமுறை சுழலும். 32 பற்கள் வேண்டுமெனில், ஒவ்வொரு பல்லுக்கும் ஒன்றேகால் சுற்று. ஓரிடத்தில் கணக்குத் தவறினால் தகடே வீண்.

வேலை முடிந்தபின் அதைச் சுழலவிட்டுப் பார்த்தார். நடுத்துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது. நம் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. "இப்படியே குடுத்தா செயின் ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் தொய்யும். ரெண்டு நாள் பொறுங்க, ஹஜ்ரத்" என்று சொல்லி, அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாய் ஒன்றைச் செய்து தந்தார். கூடுதலாக ஒரு ரூபாயும் கேட்கவில்லை.

விற்கும் பொருளின் குறையை வாங்குபவரிடம் மறைக்கலாகாது என்று மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர்கள் நாம். அந்தப் பாடத்தின்படி நடந்தவர் அவர். பெற்ற தந்தையிடமே குறையை மறைத்தவர்கள் நாம்.

அன்று மாலை புதிய செயினையும் ஸ்பிராக்கெட்டையும் பூட்டிய வண்டியை வாசலில் நிறுத்தி, நடந்த அனைத்தையும் அத்தாவிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "அப்ப நான் விழுந்தது கை நடுங்குனதால இல்லையாப்பா?" என்று கேட்டார். "இல்லைத்தா, எங்களாலதான்" என்றோம். அவர் முகத்தில் கோபத்தைக் காணோம். பெரும் நிம்மதியே தெரிந்தது. அதுவே நம்மை அதிகம் வெட்கப்படச் செய்தது.

மறுநாள் பாங்கு ஒலித்தபோது வாசலில் வண்டி உயிர்பெறும் ஓசை கேட்டது. நாமும் எழுந்து ஒளுச் செய்து, அதன் பின்னால் நடந்தோம்.