முற்றத்தில் இறங்கிய வானம்

நுழையும்முன்

பெரிய தொலைநோக்கியை விலைகொடுத்து வாங்கிவிடலாம். அதன்வழி காணத் தெரிந்த கண்ணை விலைகொடுத்து வாங்க இயலாது. பழக்கம் ஒன்றே அதனைத் தரும். வீட்டு முற்றத்திலிருந்தே உலக வானியலுக்குத் தொண்டாற்றிய எளிய அலுவலர் ஒருவரின் வாழ்வும், புதுக்கோட்டையின் இரவு வானமும் இவ்வுண்மையை உணர்த்துகின்றன.

கணியர் கண்ட வானம்

புதுக்கோட்டை மாவட்டத்தை அடுத்துள்ள மகிபாலன்பட்டியே சங்ககாலப் பூங்குன்றம் என்பர் ஆய்வாளர். அவ்வூரினரான கணியன் பூங்குன்றனாரின் பெயரில் உள்ள ‘கணியன்’ என்னும் சொல், வானத்தின் போக்கைக் கணிப்பவரைக் குறிக்கும். பங்குனித் திங்களின் நள்ளிரவில் விண்மீன் ஒன்று எரிந்து வீழ்ந்ததைக் கண்ட கூடலூர்கிழார், அவ்வேளையில் எந்தெந்த விண்மீன் எங்கெங்கு நின்றது என்பதையும் புறநானூற்றுப் பாடலில் பதிவு செய்துள்ளார். கருவி ஏதுமின்றி வெறுங்கண்ணால் வானத்தைப் படித்த மரபு அது.

இன்று அம்மரபு மெலிந்துவிட்டது. கார்த்திகையையும் திருவாதிரையையும் நாட்காட்டியில் மட்டுமே அறிந்தவர் பலர். அவற்றை வானில் சுட்டிக்காட்ட வல்லவர் சிலரே. ஆயினும், நகரங்களின் ஒளி மிகுதியாகப் படராத புதுக்கோட்டைச் சிற்றூர்களில் வானம் இன்னும் இருண்டே இருக்கிறது. அவ்வூர்களில் ஒன்றன் முற்றத்தில் 10 அங்குல விட்டமுள்ள குழியாடித் தொலைநோக்கி ஒன்று வந்திறங்கினால் என்ன நிகழும்? முதல் வாரம் ஊரே கூடும். பின்பு மழைக்காலம் வரும். கருவியின்மீது துணி போர்த்தப்படும். அத்துணி மீண்டும் அகற்றப்படுமா என்பதே வினா. அவ்வினாவுக்கு விடையாக அமைந்த வாழ்வு ஒன்று உண்டு.

பாடநூலில் தொடங்கிய பயணம்

இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஜெசோர் பகுதியில் 1878-ஆம் ஆண்டு பிறந்தவர் இராதா கோவிந்த சந்திரா. பள்ளிப் பருவத்தில் பாடநூலில் படித்த ஒரு கட்டுரையே அவரை வானின்பால் ஈர்த்தது. அண்டத்தின் பேருருவைப் பற்றி அக்சய் குமார் தத்தர் எழுதிய கட்டுரை அது. ஆனால், பள்ளித் தேர்வுகள் அவருக்குக் கைகொடுக்கவில்லை. பள்ளி இறுதித் தேர்வில் மீண்டும் மீண்டும் தோல்வியுற்ற அவர், அரசுக் கருவூலத்தில் காசு எண்ணும் சிறுபணியில் அமர்ந்தார். பகலில் நாணயங்களையும் இரவில் விண்மீன்களையும் எண்ணினார்.

அவரிடம் தொடக்கத்தில் தொலைநோக்கி இல்லை. விண்மீன் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வானைப் பழகினார். 1910-இல் தோன்றிய ஹாலி வால்மீனைக் கண்டபின், 1912-இல் இங்கிலாந்திலிருந்து 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். சிற்றூதியம் பெற்ற அவருக்கு அது பெருஞ்செலவு. எனினும், பல்லாண்டுகள் வெறுங்கண்ணால் பழகிய பிறகே அவர் அதனை வாங்கினார்.

1918 ஜூன் மாதத்தில் கழுகு விண்மீன் தொகுதியில் முன்பு காணப்படாத ஒளிப்புள்ளி ஒன்று திடீரெனச் சுடர்ந்தது. அது நோவா எனப்படும் வெடித்தொளிரும் விண்மீன். உலகில் அதனைத் தாமாகவே கண்டுணர்ந்தவர்களுள் சந்திராவும் ஒருவர். அவர் ஹார்வர்டு வானாய்வகத்திற்கு அனுப்பிய குறிப்புகள், அமெரிக்க ஒளிமாறு விண்மீன் நோக்கர் சங்கத்தோடு அவரை இணைத்தன.

அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது இந்தியாவில் இரவு. அங்கு விடுபடும் நேரத்தை இங்கிருப்பவரே நிரப்ப இயலும். சந்திராவின் குறிப்புகளில் இருந்த ஒழுங்கைக் கண்ட அச்சங்கம், 6 அங்குலத்திற்குச் சற்றே மிகுந்த விட்டமுடைய தொலைநோக்கி ஒன்றை 1926-இல் அவருக்கு அனுப்பி வைத்தது. பழைய கருவியைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேல் ஒளி திரட்டும் அக்கருவி, விலைக்கு வந்ததன்று. உழைப்பைத் தேடி வந்தது.

கருவியைப் பழகுதல்

பெரிய தொலைநோக்கியின் முதன்மைப் பயன் உருவைப் பெருக்குவது என்று பலர் கருதுவர். ஒளியைத் திரட்டுவதே அதன் முதற்பணி. இருளில் முழுமையாக விரிந்த மனிதக் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விட்டமுடையது. 10 அங்குல ஆடி அதனைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் ஒளியைத் திரட்டும். ஆகவே, தொடக்கத்தில் குறைந்த உருப்பெருக்கமே போதும். ஆடியின் குவியத் தொலைவு 1,200 மில்லிமீட்டர், கண்ணருகு லென்ஸின் குவியத் தொலைவு 25 மில்லிமீட்டர் எனில், உருப்பெருக்கம் 48 மடங்கு. பரந்த வானப் பரப்பும் தெளிந்த காட்சியும் இவ்வளவில் கிட்டும்.

குழலின் மேலுள்ள சிறு வழிகாட்டித் தொலைநோக்கியைப் பகலிலேயே சரிசெய்துவிட வேண்டும். தொலைவிலுள்ள கோபுரக் கலசம் ஒன்று இரண்டிலும் நடுவில் தெரியுமாறு அமைத்தால் போதும். அப்போது குழல் கதிரவன் இருக்கும் திசைப்பக்கம் திரும்பவே கூடாது. உரிய வடிகட்டியின்றிக் கதிரவனை நோக்கினால் நொடிப்பொழுதில் பார்வை பறிபோகும்.

பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறையும் சிமெண்டுத் தளமும் இரவில் வெப்பத்தை உமிழும். அவ்வெப்பக் காற்றில் கோள்களின் உருவம் நடுங்கும். எனவே, மண்தரையே ஏற்ற இடம். வீட்டினுள் இருந்த ஆடி வெளிக்காற்றின் குளிர்ச்சியைப் பெற ஒரு மணி நேரமேனும் ஆகலாம். கண்ணும் இருளுக்குப் பழக அரைமணி நேரம் கேட்கும். கைப்பேசியின் ஒளி ஒருமுறை பட்டாலும் அந்தக் காத்திருப்பு வீணாகும். காத்திருத்தலே இக்கலையின் முதற்பாடம்.

புதுக்கோட்டையின் பேறு

புதுக்கோட்டை, நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் அமைந்துள்ளது. ஆதலால், துருவ விண்மீன் வடக்குத் தொடுவானத்திலிருந்து நீட்டிய கையின் ஒரு முட்டி உயரத்திலேயே நிற்கும். பல ஊர்களில் தென்னந்தோப்பு அதனை மறைத்துவிடும். துருவ விண்மீனை நோக்கி அமைக்க வேண்டிய தாங்கியைவிட, மேலும் கீழும் பக்கவாட்டிலும் எளிதில் திரும்பும் டாப்சன் தாங்கி இங்குத் தொடக்கநிலையினர்க்கு ஏற்றது. ஜான் டாப்சன் என்பவர் பரப்பிய இவ்வமைப்பை ஒட்டுப்பலகையைக் கொண்டே செய்துவிடலாம்.

வடக்கே இழந்ததைத் தெற்கு வானம் ஈடுசெய்கிறது. தை, மாசி இரவுகளில் அகத்திய விண்மீன் தெற்கே ஒளிரும். சித்திரை, வைகாசி முன்னிரவுகளில் தென்சிலுவையும், அதனையடுத்து ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்தும் தோன்றும். வெறுங்கண்ணுக்கு மங்கிய ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் அக்கொத்து, பெரிய ஆடியின்வழி நோக்கும்போது இறைத்த மணல்போல் எண்ணற்ற விண்மீன்களாகப் பிரியும். ஹார்வர்டு அமைந்துள்ள நகரிலிருந்து பார்ப்பவர்க்கு அது தொடுவானத்தை விட்டு மேலெழுவதே அரிது. இங்கோ, முற்றத்தில் நின்றே காணலாம்.

தெரிந்து தெளிவோம்

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, தென்வானில் உள்ள ‘ஆர் ரெட்டிகுலி’ என்னும் விண்மீனின் ஒளி மாறுவதை 1867-இல் கண்டறிந்தார்.

கைமாறிய கருவி

சந்திராவின் வாழ்வில் நாட்டுப் பிரிவினை குறுக்கிட்டது. பிறந்த மண்ணை விட்டு மேற்கு வங்கத்தின் பாராசாத்தில் அவர் குடியேற நேர்ந்தது. வீடு மாறியது, வானம் மாறவில்லை. 1919 முதல் 1954 வரை அவர் சங்கத்திற்கு அனுப்பிய நோக்கல் குறிப்புகள் 37,000-க்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றும் ஒரு விண்மீனின் ஒளியை அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு, நாளும் நேரமும் குறித்து எழுதிய ஒற்றை வரி. தனித்துப் பார்த்தால் சிறிது. தொகுத்துப் பார்த்தால் ஒரு விண்மீனின் வரலாறு.

முதுமையில் நோக்கலை நிறுத்தியபின், அக்கருவியை அவர் தம் வீட்டில் காட்சிப்பொருளாக வைத்துக்கொள்ளவில்லை. சங்கத்தின் விருப்பப்படி அது இளம் வானியலாளர் வைணு பாப்புவிடம் சென்றது. நைனிடால் வழியாகத் தமிழகத்தின் காவலூரை அடைந்தது. பின்னாளில் 2.34 மீட்டர் விட்டமுள்ள மாபெரும் தொலைநோக்கி எழுந்த அதே காவலூரில், காசு எண்ணிய எளியவரின் கருவிக்கும் இடம் கிடைத்தது.

தொலைநோக்கி எவர் முற்றத்திற்கும் வரலாம். அதனருகே ஒரு குறிப்பேடும் இருத்தல் வேண்டும். கண்ட பொருள், நாள், நேரம், வானின் தெளிவு ஆகிய நான்கையும் ஒவ்வோர் இரவும் எழுதுபவர் நோக்கராகிறார். எழுதாதவர் வேடிக்கை பார்ப்பவராகவே நின்றுவிடுகிறார். தெருவிளக்கின் ஒளி மேல்நோக்கிச் சிதறாமல் மண்ணை நோக்கி விழுமாறு மறைப்பிடுவதும் அவர்தம் கடமையே. இருளைக் காத்தால்தான் விண்மீன்கள் எஞ்சும். கணியர் படித்த அதே வானம் புதுக்கோட்டைக்கு மேலே இன்றும் விரிந்திருக்கிறது, படிப்பவர்க்காகக் காத்திருக்கிறது.