மணலில் ஐந்து கதிரைகள்

மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போவது ஒரு காலத்தில் பெரிய பயணம். கடலால் போவதென்றால் லோஞ்ச். தரையால் போவதென்றால் கிண்ணியாவில் 'பாதை'க்குக் காத்திருக்க வேண்டும். போர்க்காலத்தில் இரண்டையும் நம்ப முடியாது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. இப்போது பஸ்ஸில் ஏறி இருந்தால் போதும். 2024 ஓகஸ்டில் நாங்கள் ஐந்து பெண்கள் அப்படித்தான் உப்புவெளிக் கடற்கரைக்குப் போனோம். ஆஸ்பத்திரிக்கு அல்ல, கோயிலுக்கு அல்ல, விண்ணப்பம் கொடுக்கவும் அல்ல. பீட்சா சாப்பிட!

சிரிப்பு வருகிறதா தோழியரே? எங்கள் ஊரிலும் சிரித்தார்கள். சிலர் சிரிப்போடு நிற்கவில்லை. எங்களில் ஒருத்தியின் கணவர் 2006இல் காணாமற்போனவர். "புருஷனைத் தேடித் திரியிறவளுக்குக் கடற்கரையில சாப்பாடு கேக்குதோ?" என்று அவள் காதுபடவே கதைத்தார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நாங்கள் வற்புறுத்தவில்லை. ஆனால் காலையில் எங்களுக்கு முதலே பஸ் நிறுத்தத்தில் நின்றாள்.

இது யாரும் தந்த காசு அல்ல. ஆளுக்கு மாதம் 300 ரூபாவாக ஆறு மாதம் சேர்த்தது. மொத்தம் 9,000 ரூபா.

உப்புவெளி, திருகோணமலை நகருக்கு வடக்கே நிலாவெளி வீதியில் இருக்கிறது. போகும் வழியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் உண்டு. மாரியில் கொந்தளிக்கும் இந்தக் கடல் வைகாசி தொடக்கம் அமைதியாகிவிடும். அப்போதுதான் உல்லாசப் பயணிகள் வருவார்கள். 2004 ஆழிப்பேரலை, 2019 குண்டுவெடிப்புகள், 2020 கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி வாங்கிய தொழில் இது.

நாங்கள் போன கடைக்குக் கிடுகுக் கூரை. மணலிலேயே கதிரைகள். விலைப்பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. "தம்பி, தமிழில சொல்லுங்கோ" என்றோம். பொறுமையாகச் சொன்னார். விலையையும் முதலிலேயே கேட்டுக்கொண்டோம். ஒன்று 2,400 ரூபா, எட்டுத் துண்டு. இரண்டு பீட்சாவும் ஐந்து தேசிக்காய்த் தண்ணீரும் 6,800 ரூபா. மிச்சம் பஸ்ஸுக்கு.

பீட்சா சுடும் அடுப்பைப் போய்ப் பார்த்தோம். நம் ஊர்ப் பேக்கரிப் போறணைதான், அளவில் சிறியது. உள்ளே விறகு எரிகிறது. பாண், போறணை என்ற சொற்களே போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. பீட்சா இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுக நகரத்தில், அன்றாடம் உழைத்துப் பிழைத்த ஏழைகள் தெருவில் வாங்கித் தின்ற உணவு. அங்கே அதைச் சுடும் கலையை 2017இல் யுனெஸ்கோ மனிதகுல மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே பணக்காரச் சாப்பாடு என்று கூசத் தேவையில்லை. மெல்லிய ரொட்டி, மேலே தக்காளி, சீஸ், இறால். கொச்சிக்காய்த் தூள் கேட்டு வாங்கித் தூவி, கையாலேயே சாப்பிட்டோம்.

ஆழிப்பேரலையில் மகளைப் பறிகொடுத்த அக்கா கடலுக்கு முதுகு காட்டியே இருந்தார். யாரும் அவரைத் திரும்பச் சொல்லவில்லை. "நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்" என்றார். கரைவலை இழுக்கிறார்கள், ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது, பிள்ளைகள் நண்டு பிடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பதினெட்டு வருடமாகக் கணவரைப் பற்றி விண்ணப்பங்களில் மட்டும் சொல்லிவந்த தோழி, அன்று அவர் மீன் பொரிக்கப் போய்ச் சட்டியைக் கருக்கிய கதையைச் சொன்னாள். சிரித்தாள், அழுதாள், பிறகு அடுத்த துண்டை எடுத்தாள். மிஞ்சிய ஒரு துண்டை அக்காவின் பேரனுக்குச் சுற்றி எடுத்தோம்.

1948ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பிரகடனத்தில் 24ஆவது உறுப்புரை, இளைப்பாறவும் ஓய்வு பெறவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. விதவைக்கு இல்லை, காணாமற்போனவரின் மனைவிக்கு இல்லை என்று அதில் எங்கும் எழுதவில்லை. சிரித்தால் துக்கம் பொய்யாகிவிடாது. தேடுவதும் நின்றுவிடாது.

பீட்சாதான் வேண்டும் என்றில்லை தோழியரே. ஒரு சுருள் கச்சானும் பிளேன்ரீயும் போதும். அடுத்த கூட்டத்தில் நடுவிலே ஓர் உண்டியலை வையுங்கள். எங்கே போவது என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.