காலியாக விட்ட துளைகள்

கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, "கழுவிட்டுத் தையல் போட்டுரலாம்" என்றேன். எதிரே நின்ற தியேட்டர் நர்ஸ் தட்டில் மிச்சமிருந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தார். பிறகு தொடையெலும்பின் மேல் படுத்திருந்த பிளேட்டைப் பார்த்தார். "சார், நடுவுல இன்னும் நாலு ஓட்டை பாக்கி இருக்கே?" வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது அவருக்கு. கேட்டதில் தவறே இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். கேட்டதோடு நிற்காமல் அந்த நாலையும் நிரப்பியும் இருப்பேன்.

மேசையில் படுத்திருந்தது எழுபது தாண்டிய ஆச்சி. சாரல் விழுந்து நனைந்த முற்றத்தில் வழுக்கி, முழங்காலுக்குச் சற்று மேலே தொடையெலும்பு சுற்றி முறுக்கிக்கொண்டு உடைந்திருந்தது. இந்த வயதில் எலும்பு பழைய ஓலைப்பெட்டி மாதிரி. ட்ரில் முதல் சுவரைத் துளைக்கும்போது வரவேண்டிய கீச்சென்ற சத்தம் வரவில்லை. மெத்தென்று இறங்கியது. மறுபக்கச் சுவரில் மட்டும் லேசாகக் கரகரத்தது. அந்தக் கரகரப்பை நம்பித்தான் ஸ்க்ரூவின் நீளத்தை முடிவு செய்தேன். எக்ஸ்ரேயும், அறுவையின்போதே படம் காட்டும் சி-ஆர்மும் காட்டாத விஷயத்தை ட்ரில்லின் பிடி உள்ளங்கைக்குச் சொல்லும்.

எனக்குச் சொந்த ஊர் தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசை. என் தாத்தா அங்கே எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர். பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லை. மலையடிவாரத்திலிருந்து வரும் மூங்கிலைச் சீவித் தப்பையாக்கி, விளிம்பைக் கண்ணாடிச் சில்லால் வழித்து வைத்திருப்பார். உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பத்துப் போட்டு, மேலே துணி சுற்றி, தப்பையை வைத்துக் கட்டுவார். கட்டி முடித்ததும் கட்டுக்குள் தன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்ப்பார். நுழையவில்லை என்றால் அவிழ்த்து மறுபடி கட்டுவார். "இறுக்குனா எலும்பு கூடாதுல, செத்துப்போயிரும்" என்பார். சதைக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று மருத்துவக் கல்லூரியில் எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அது சரியான விளக்கம்தான். இறுக்கிக் கட்டிய தப்பைக்குள் அழுகிப்போன கைகளை நானே வெட்டி எடுத்திருக்கிறேன். ஆகவே மூங்கில் கட்டுக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சுண்டுவிரலில் இன்னொரு செய்தியும் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓர் உடைந்த பிளேட் தேவைப்பட்டது.

அந்தப் பிளேட் இப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 316எல் ஸ்டீல். சரியாக நடுத் துளையில் இரண்டாக முறிந்தது. அது ஒரு சுமைதூக்கும் அண்ணாச்சியின் தொடையில் நான் வைத்தது. குற்றாலம் ரோட்டில் பைக் சறுக்கி விழுந்தவர். சுத்தமாக இரண்டு துண்டு, நடுவில் சில்லு எதுவும் இல்லை. எளிய முறிவு. எளிய முறிவுதான் ஆளை ஏமாற்றும். லாக்கிங் பிளேட் அப்போது எங்களுக்குப் புதிது. அதன் ஸ்க்ரூக்களுக்குத் தலையிலும் மரை உண்டு. அந்த மரை பிளேட்டின் துளைக்குள் ஏறிப் பூட்டிக்கொள்ளும். பிளேட்டும் ஸ்க்ரூவும் ஒரே சட்டமாகிவிடும். பலம் என்றால் இதுதான் என்று நினைத்து, முறிவுக்கோட்டுக்கு நேர் மேலே இருந்த ஒரு துளையைத் தவிர எல்லாவற்றையும் நிரப்பினேன். முறிந்த முனைகளை நெருக்கி அழுத்துவதற்கு முன்பே பூட்டியும்விட்டேன். நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி நின்றது. எக்ஸ்ரேயில் அது நூல் மாதிரிதான் தெரிந்தது. பார்க்க அழகாக இருந்தது.

ஐந்தாவது மாதம் கட்டிலிலிருந்து எழுந்தவருக்குத் தொடைக்குள் சடக்கென்று கேட்டிருக்கிறது. "டாக்டரய்யா, நீங்க வச்ச கம்பி உடைஞ்சிட்டு போல" என்று அவர் சொன்னபோது குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவர் பீடி குடிப்பவர், சர்க்கரையும் இருந்தது. இரண்டுமே எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். அதன் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். வெளியே எடுத்த பிளேட்டின் முறிந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சிற்றாற்றில் தண்ணீர் வற்றும்போது மணலில் வரிவரியாகத் தடம் விழுமே, அப்படி. துளையின் ஓரத்தில் ஒரு புள்ளியில் தொடங்கி, வரிவரியாக உள்ளே பரவி, கடைசிக் கொஞ்சம் மட்டும் ஒரேயடியாகக் கிழிந்திருந்தது. ஒரே நாளில் உடைந்த உலோகம் அல்ல அது. ஒரு நாளைக்கு ஐயாயிரம் அடி வைத்தால் அந்தக் காலுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. நான்கு மாதத்தில் மூன்று லட்சம் வளைவு. ஒவ்வொரு வளைவும் துளியளவுதான். எல்லாம் ஒரே துளையின் மேல்.

எலும்பு கூடுவதற்கும் உலோகம் களைப்பதற்கும் நடுவே ஒரு பந்தயம் ஓடுகிறது. எலும்பை ஓடவிடாமல் கட்டிப்போட்டது நான்தான்.

இதைக் கணக்காகச் சொல்லிக்கொடுத்தவர் சுவிட்சர்லாந்தின் ஸ்டீபன் பெரன். 1958-ல் அங்கே ஏஓ என்ற அமைப்பைத் தொடங்கிய அறுவை மருத்துவர்கள், முறிந்த முனைகளை அசைவே இல்லாமல் அழுத்திப் பூட்டுவதை வேதமாகப் பிடித்திருந்தார்கள். அந்த அமைப்புக்குள்ளேயே இருந்த பெரன், அசைவைப் பகையாகப் பார்க்காமல் அளந்தார். முறிவில் எவ்வளவு அசைவு என்பது முக்கியமில்லை. இடைவெளியில் அது எத்தனை பங்கு என்பதே கணக்கு. ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் அரை மில்லிமீட்டர் அசைந்தால் நூற்றுக்குப் பத்து. அதே அரை மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் அசைந்தால் நூற்றுக்கு ஐம்பது. முற்றிய எலும்பு இரண்டு சதவீதம் வரைதான் தாங்கும். குருத்துத் திசு பத்து வரை. அடிபட்டவுடன் உருவாகும் இளஞ்சதை நூறு வரை இழுபட்டாலும் பிழைத்துக்கொள்ளும். ஆகவே உடம்பு முதலில் இளஞ்சதையை வைத்து அசைவைக் குறைக்கிறது. குறைந்த இடத்தில் குருத்தை வைக்கிறது. இன்னும் குறைந்ததும் எலும்பை வைக்கிறது. பந்தலுக்கு முதலில் கயிறு, பிறகு கழி, பிறகு கல்தூண் என்பது போன்ற வேலை. கொஞ்சமும் அசையாவிட்டால் கயிறு கட்டவே ஆட்கள் வரமாட்டார்கள். முனைகள் முடியிழைகூட நுழையாதபடி அழுந்தியிருந்தால் அது வேறு கதை. அப்போது எலும்பு கேலஸ் என்ற இந்த இடைக்காலத் திசுக்கட்டு இல்லாமலே நேரடியாகக் கூடும். நான் செய்தது இரண்டுக்கும் நடுவே. பூட்டு இறுக்கம், இடைவெளி திறந்தபடி.

1985-ல் இங்கிலாந்தில் குட்ஷிப், கென்ரைட் இருவரும் செம்மறியாடுகளின் கணைக்கால் எலும்பை வெளிச்சட்டத்தில் நிறுத்தி, தினமும் கொஞ்ச நேரம் மட்டும் மிகச் சிறிய அசைவு கொடுத்தார்கள். அசையாமல் வைத்த ஆடுகளைவிட அசைத்த ஆடுகளுக்கு எலும்பு நன்றாகக் கூடியது. இதைப் படித்த இரவு எனக்குத் தாத்தாவின் சுண்டுவிரலும் மூங்கிலும் நினைவுக்கு வந்தன. மூங்கில் நார்ப்போக்கில் கிட்டத்தட்ட எலும்பின் அளவுக்கே விறைப்பானது. நாங்கள் வைக்கும் ஸ்டீல் அதைப்போல் பத்து மடங்கு. டைட்டானியம் கலவை ஐந்தாறு மடங்கு. விறைப்பில் எலும்புக்கு உறவான பொருளை அவர் வெளியே வைத்துக் கட்டினார். நான் அந்நியனைக் கொண்டுபோய் உள்ளே வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சிக்கு இரண்டாவது அறுவை சிகிச்சையில் இடுப்பெலும்பிலிருந்து துருவல் எடுத்து நிரப்பி, முனைகளை முதலில் அழுத்தி, பிறகு நீளமான பிளேட் வைத்தேன். கூடிவிட்டது. ஆனால் ஒன்பது மாதம் மூட்டை தூக்காமல் அந்தக் குடும்பம் எப்படி ஓடியது என்று நான் அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்பேன்.

துளைகளைப் பற்றி எனக்குக் கண் திறந்தது என் அண்ணன் மகளால். மெக்கானிக்கல் படித்துச் சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள். ஒரு பொங்கல் விடுமுறைக்குக் குத்துக்கல்வலசை வீட்டுக்கு வந்தபோது உடைந்த பிளேட்டை எடுத்துக் காட்டினேன். மறுவருஷம் லேப்டாப்போடு வந்தாள். ஒரு தொடையெலும்பின் சிடி ஸ்கேனை லட்சக்கணக்கான சின்னத் துணுக்குகளாக வெட்டி, ஒவ்வொரு துணுக்குக்கும் விறைப்பு கொடுத்து, மேலே எடையை வைத்தாள். திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். முறிவை ஒட்டி இரு பக்கமும் ஸ்க்ரூ போட்ட பிளேட்டில், நடுத் துளையின் ஓரம் மட்டும் சிவப்பாகக் கனன்றது. என் இழுப்பறையில் இருந்த பிளேட் முறிந்த அதே இடம். உள் ஸ்க்ரூக்களைத் தள்ளிப் போட்டதும் சிவப்பு மங்கி, மஞ்சளாக நீளவாக்கில் பரவியது.

இது அவள் கண்டுபிடிப்பு இல்லை. 2003-லேயே கார்ல் ஸ்டோஃபலும் உடனிருந்தவர்களும் சோதனைக் கூடத்திலும் கணினியிலும் இதைச் செய்து பார்த்திருந்தார்கள். முறிவின் இரு பக்கமும் ஒவ்வொரு துளையைக் காலியாக விட்டாலே அமைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு நெகிழ்கிறது. ஒரு துண்டுக்கு மூன்று ஸ்க்ரூவுக்கு மேல் போட்டால் நெடுக்கு அழுத்தத்தைத் தாங்குவதில் பெரிய லாபமில்லை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எலும்பு முனைகள் நடக்கும்போது தொட்டுக்கொள்ள வாய்ப்பிருக்கிற சின்ன இடைவெளிக்குத்தான் துளையைக் காலியாக விடுவது நல்லது. தொடவே வழியில்லாத பெரிய இடைவெளி என்றால் உள் ஸ்க்ரூவை முறிவுக்கு முடிந்தவரை பக்கத்தில் போட வேண்டும். அண்ணாச்சி கேஸில் சுட்டுக்கொண்ட சூட்டோடு எல்லா முறிவிலும் துளையைக் காலியாக விட ஆரம்பித்திருந்தால், அடுத்த தப்பு அங்கே காத்திருந்திருக்கும்.

அவளுடைய கணினி மாடல் எனக்கு விடை தந்ததைவிட என்னிடம் கேள்வி கேட்டதுதான் பெரிய உபகாரம். "சித்தப்பா, ஆளு எடை என்ன? எத்தனை வாரத்துல ஊன்ற விடுவீங்க? ஸ்க்ரூ எலும்பைக் கெட்டியா பிடிக்குதா, வழுக்குதா?" ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாமல் விழித்த இடங்களில் எல்லாம், இத்தனை வருஷமும் நான் பழக்கத்தால் செய்துவந்தது தெரிந்தது. "இதுல பீடி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன். "அதை எழுத எனக்கு சமன்பாடு தெரியல சித்தப்பா" என்றாள். நேர்மையான பதில். அந்தப் பதிலுக்காகவே அவள் படத்தை நம்புகிறேன்.

பொருளும் மாறிவருகிறது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் மைக்கேல் பாட்லாங் குழு, எலும்பின் மறுபக்கச் சுவரை மட்டும் பிடித்து, பக்கத்துச் சுவரில் கொஞ்சம் அசைய இடம்விடும் ஸ்க்ரூவைச் செய்தது. கரைந்துபோகும் மக்னீசியம் ஸ்க்ரூ 2013 முதல் ஐரோப்பாவில் அனுமதியோடு கிடைக்கிறது. சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன், எலும்புப் புற்றுநோய் வந்தவர்களுக்குக் காலை எடுக்காமல் ஆளுக்கு அளவெடுத்துச் செய்த பெரிய உலோக மூட்டுகளை வைத்துக் காட்டியவர். இவை எல்லாம் வேண்டும். ஆனால் தென்காசி மாதிரி ஊரில் என் கைக்கு வருவது பெரும்பாலும் பழைய ஸ்டீல் பிளேட்தான். பெரனையும் ஸ்டோஃபலையும் அந்தப் பழைய பிளேட்டில் கடைப்பிடிக்க ஒரு பைசா கூடுதலாக ஆகாது. நாலு ஸ்க்ரூ குறைவாகத்தான் ஆகும். பிளேட்டோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு மையமான ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் நிறுவனர் எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-ல் அவர் தொடங்கிய அந்த இடத்துக்கு நான் நோயாளிகளை அனுப்பும்போதெல்லாம், அறுவைக்கு அப்புறமும் ஒரு காலுக்கு எவ்வளவு வேலை மிச்சமிருக்கிறது என்று பார்க்கிறேன்.

ஆச்சி பத்தாவது வாரம் வந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பாதி எடையை ஊன்றி. மகன் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. நடுவுல நாலு ஓட்டைக்கு ஆணியே போடலியே. காசு பத்தலன்னா சொல்லியிருந்தா பொரட்டியிருப்போம்லா." அவரை உட்கார வைத்து, இழுப்பறையைத் திறந்து, உடைந்த பிளேட்டைக் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். பிளேட்டுக்கு எதிர்ப்பக்கம் பஞ்சு வைத்தது மாதிரி கேலஸ் மேகமாகக் கட்டியிருந்தது. பிளேட்டை ஒட்டிய பக்கம் இன்னும் மெலிவுதான். அங்கே அசைவு குறைவு. லாக்கிங் பிளேட் வைத்த இடத்தில் அடிக்கடி பார்ப்பதுதான். மெலிந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டேன்.

"எலும்பு கூடிட்டாய்யா?" என்றார் ஆச்சி.

"இந்தப் பக்கம் கூடிட்டு ஆச்சி. அந்தப் பக்கம் வந்துக்கிட்டிருக்கு. வாக்கரை விட்றாதீங்க, ஆனா தினமும் நடங்க. நாலு வாரம் கழிச்சு இதே இடத்தைப் பாக்கணும்."

மகன் பிளேட்டை மேசையில் வைத்துவிட்டு, எக்ஸ்ரேயில் பென்சில் வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த காலித் துளைகளை இன்னொரு முறை எண்ணினார்.